மாவேலிக்கு விரித்த இலை

என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன் துபாயில் விருந்துச் சமையல் செய்து கொடுக்கும் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறான். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வரும்போது என் வீட்டுப் படலையைத் திறக்காமல் அவன் திரும்பிப் போனதில்லை. கடந்த முறை வந்தபோது, தான் கண்ட ஓணவிழா ஒன்றைப் பற்றி மிகுந்த ஆர்வத்தோடு சொன்னான். மலையாளிகள் சங்கமொன்று நடத்திய விழா அது. குளிரூட்டிய பெரிய மண்டபம். ஆயிரம் பேருக்கு மேற்பட்ட கூட்டம். கேரளத்திலிருந்து விமானத்தில் வந்திறங்கிய வாழையிலைகள். இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருத்தல் வேண்டும் என்பதையும், உப்பேரியும் சர்க்கரை வரட்டியும் எங்கே வைக்கப்படும், அவியலும் ஓலனும் காளனும் எரிசேரியும் எந்த ஒழுங்கில் வரும், அடைப்பிரதமன் எப்போது ஊற்றப்படும் என்பவற்றையும் அவன் பாடம் ஒப்புவிப்பவன் போல ஒப்புவித்தான். வகுப்பில் ஒருநாளும் அவன் இவ்வளவு ஒழுங்காக ஒப்புவித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விருந்தின் நடுவே மணிமுடி சூடி, பெருவயிறு குலுங்க, ஓலைக்குடை பிடித்து ஒருவர் மண்டபத்துள் நுழைந்தாராம். கூட்டம் முழுவதும் எழுந்து ஆரவாரித்ததாம். "ஆர் சேர் அந்த இராசா?" என்று கேட்டான். நான் மாவலியின் கதையைச் சொன்னேன். மலையாளிகள் மாவேலி என்று அழைக்கும் அந்த அசுர மன்னன் ஆண்ட காலத்தில் மனிதர் யாவரும் ஒரு நிகராயிருந்தனர். பொய்யும் களவும் இல்லை. கள்ள அளவைகளும் கள்ள நிறைகளும் இல்லை. தேவர் பொறாது முறையிட, திருமால் குறளனாய் வந்து மூன்றடி மண் கேட்டு, பேருருவெடுத்து இரண்டடியால் மண்ணையும் விண்ணையும் அளந்து, மூன்றாமடியை அவன் தலையில் வைத்துப் பாதாளத்துக்கு அனுப்பினார். ஆண்டுக்கொருமுறை தன் குடிகளைக் காண வர அவனுக்கு அனுமதி கிடைத்தது. அவன் வரும் நாளே ஆவணித் திருவோணம்.

மாணவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்ப அவரும் எங்களைப்போல அளவு மாத்தி ஏமாத்தப்பட்டவர்தானே, சேர்?" என்றான்.

கொழும்பில் அவன் ஒப்பமிட்ட பத்திரத்தில் ஒரு சம்பளம் எழுதப்பட்டிருந்தது. அங்கே போய் இறங்கியதும் வேறொரு பத்திரம் நீட்டப்பட்டது. அதில் வேறொரு சம்பளம். வாங்கிய கடனோ பழைய சம்பளத்தை எண்ணி வாங்கியது. இதை அவன் முறைப்பாடாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் நடப்பதுதானே என்ற பாவனையிற் சொன்னான்.

மாவலியின் கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கொடையின் கதையாக, செருக்கழிந்த கதையாக, பக்தியின் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அது அளவைப் பற்றிய கதை என்று எனக்குத் தோன்றியதேயில்லை. ஆயினும் அது முதலும் முடிவும் அளவைப் பற்றியதே. கள்ள அளவை இல்லாத நாட்டை ஆண்டவன் கள்ள அளவையினாலேயே வீழ்த்தப்படுகிறான். பேரம் பேசப்பட்டபோது நின்றது ஒரு சிறுவனின் பாதம்; அளக்கப்பட்டபோது நீண்டது வேறொரு பாதம். எங்கள் சந்தையில் ஒரு வியாபாரி ஒரு கொத்தினால் அளந்து வாங்கி வேறொரு கொத்தினால் அளந்து விற்பானாயின் அதற்குப் பெயர் சொல்ல எவரும் தயங்குவதில்லை. அதையே வானோர் செய்தால் திருவிளையாடல் என்கிறோம்.

இங்கு ஒரு பழைய அறக்கேள்வி எழுகிறது. வஞ்சனையாற் பெறப்பட்ட வாக்குறுதி கொடுத்தவனைக் கட்டுப்படுத்துமா? பாகவதத்தில் இக்கேள்வியை எழுப்புபவன் சுக்கிராசாரியன். வந்திருப்பவன் யார் என்பதையும், இரண்டடியில் எல்லாம் போய்விடும் என்பதையும் அவன் தன் மாணாக்கனுக்கு முன்கூட்டியே உணர்த்துகிறான். வாழ்வுக்கும் உயிருக்கும் கேடு சூழுமிடத்துச் சொல் தவறுதல் பழியாகாது என்று நீதியும் காட்டுகிறான். மாவலி கேட்கவில்லை. கொடுத்த சொல்லை மீட்பதிலும் எல்லாவற்றையும் இழப்பதே மேல் என்கிறான். காலங்காலமாக நாம் மாவலியையே மெச்சிவந்திருக்கிறோம். ஒற்றைக்கண் சுக்கிரனைக் கொடையைத் தடுத்த கீழ்மகனாகவே காட்டிவந்திருக்கிறோம்.

எனக்கு இப்போது சுக்கிரன்மீது ஒரு மரியாதை பிறந்திருக்கிறது. மாவலியின் சொல் உயர்ந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது உயர்ந்ததாவது அவன் அறிந்து கொடுத்தமையாலும், கொடுப்பதற்கு மூவுலகும் அவனிடம் இருந்தமையாலுமே. வலியவன் தன்னைத் தானே சொல்லாற் கட்டிக்கொள்வது பெருமை. எளியவனைப் பிறர் பத்திரத்தாற் கட்டிவைப்பது பெருமையன்று, அது விலங்கு. என் மாணவன் தன்னை மாவலியோடு ஒப்பிட்டதில் ஒரு பிழை உண்டு. மாவலிக்கு உண்மையை எடுத்துச்சொல்ல ஒரு குரு அருகிருந்தான். இவனுக்கு எவருமில்லை, நானும் இருக்கவில்லை. மாவலி அறிந்து தலைகொடுத்தான்; இவன் அறியாது ஒப்பமிட்டான். ஆகையால் தலைகொடுத்த மன்னனின் பணிவைப் போற்றிப் போற்றி, அளவு மாறினாலும் தலையை நீட்டுவதே அறம் என்று உழைப்பவனுக்குப் போதிப்போமாயின், நாம் அந்தக் கதையைக் கொண்டே அவனை இரண்டாம்முறை ஏமாற்றியவர்களாவோம்.

நல்லவேளையாகக் கேரளத்துச் சாதாரண மக்கள் அக்கதையை அவ்வாறு பொருள்கொள்ளவில்லை. சங்க நூலாகிய மதுரைக்காஞ்சி ஓணநாளைக் கூறுகிறது. அங்கு அது மாயோனுக்குரிய நன்னாள், மதுரை மறவரின் வீரவிளையாட்டுகளோடு கூடிய நாள். பெரியாழ்வார் பாடும் திருவோணமும் திருமாலின் நாளே. தமிழ் இலக்கியம் உலகளந்த அடியைப் பல இடங்களிற் பாடியிருக்கிறது. அந்த அடியின்கீழ் இருந்த தலையைப் பற்றி அது அதிகம் பேசியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலோ, அதே நாள்மீன் தோற்றவனின் நாளாயிற்று. ஆண்டுக்கொருமுறை அவன் மீண்டு வருதல் பாகவதத்தில் இல்லாத செய்தி. மக்கள் தாமாகச் சேர்த்துக்கொண்டது. திருக்காக்கரையில் வாமனருக்குக் கோயில் உண்டு. ஓணத்துக்கு முற்றத்தில் வைக்கும் மண்ணுருவமும் திருக்காக்கரையப்பன் என்றே பெயர் பெறும். என்றாலும் வீட்டினர் வழிபார்த்திருப்பது மாவேலிக்கே. 2016 இல் பாரதீய ஜனதாக் கட்சியின் தலைவராயிருந்த அமித் ஷா ஓணத்தையொட்டி வாமன ஜெயந்தி வாழ்த்துக் கூறியபோது கேரளத்தில் எழுந்த கண்டனம், யாருடைய நாள் இது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டிற்று.

ஆனால் விழாவின் கருத்து ஒன்றாகவும் அதன் நடைமுறை வேறொன்றாகவும் இருந்ததை மறைப்பதற்கில்லை. நிலவுடைமைக் காலத்தில் குடியானவன் தன் தோட்டத்தின் முதன்மையான வாழைக்குலையை, காழ்ச்சக்குலை என்ற பெயரில், சன்மியின் வாசலிற் கொண்டுபோய் வைத்தல் வேண்டும். வயலில் இறங்கி நாற்று நட்ட புலையருக்கும் பறையருக்கும் அந்த வாசலே எட்டாத தூரம். காணியை விற்றேனும் ஓணம் உண்ணவேண்டும் என்று சொல்லும் ஒரு மலையாளப் பழமொழி. காணியே இல்லாதவன் எதை விற்பான்? அவனுக்காகவே இன்னொரு பழமொழி பிறந்தது: ஓணம் வந்தாலென்ன, வீட்டில் உண்ணி பிறந்தாலென்ன, கோரனுக்குக் கும்பிளிலேதான் கஞ்சி. கோரன் என்பது வயற்கூலியின் பெயர். கும்பிள் என்பது இலையைக் குவித்துச் செய்த கிண்ணம். மாவேலி நாட்டைப் பற்றிய பாட்டும் இந்தப் பழமொழியும் ஒரே மண்ணில், ஒரே மக்களின் வாயில் வழங்கின. முன்னது ஒரு காலத்தில் இப்படி இருந்தது என்கிறது. பின்னது இப்போது இப்படித்தான் இருக்கிறது என்கிறது.

இந்த இரண்டுக்கும் இடையிலிருந்த பள்ளத்தைச் சிலர் வாளா பார்த்திருக்கவில்லை. நாராயண குருவின் சீடரான சகோதரன் ஐயப்பன் 1917 இல் செறாயியில் ஈழவரையும் புலையரையும் ஒருங்கே அமர்த்தி மிச்ரபோஜனம் நடத்தினார். அதற்காகச் சொந்தச் சாதியாரே அவரைப் 'புலையன் ஐயப்பன்' என்று இகழ்ந்தனர். மாவேலிப் பாட்டை எடுத்து, சாதிக்கொடுமையைச் சாடும் புதிய ஓணப்பாட்டாக விரித்தவரும் அவரே. 1957 இல் பதவியேற்ற நம்பூதிரிப்பாடு அமைச்சரவை தொடக்கிவைத்த நிலச்சீர்திருத்தம் பல தடைகளைத் தாண்டி 1970 சனவரி முதலாந் திகதியிலிருந்து முழு நடைமுறைக்கு வந்தது. காழ்ச்சக்குலை எதிர்பார்த்திருந்த வாசல்கள் அதனோடு மூடின. ஓணம் சமத்துவத்தின் விழா என்று இன்று எவரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெயர் அதற்குப் பிறப்பிலே வாய்த்ததன்று, போராடிப் பெற்றுக்கொடுத்தது.

இனி மண்டபத்துக்குத் திரும்புவோம். 1960களில் மலையாளிகள் பாய்க்கப்பல்களில் களவாக ஏறி, கோர்ஃபக்கான் கரைக்கு அருகே கடலிற் குதித்து நீந்திக் கரைசேர்ந்தனர். 1973 இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர் விமானங்கள் அவர்களைக் கொண்டுபோயின. 2023 இல் நடந்த கேரள இடப்பெயர்வு ஆய்வின்படி கடல்கடந்து வாழும் கேரளத்தார் ஏறக்குறைய 22 இலட்சம். அவருட் பெரும்பாலோர் வளைகுடா நாடுகளிலேயே உள்ளனர். அறுவடை விழா என்கிறோம். அங்கே அறுவடை ஏது? சொல்லப்போனால் கேரளத்திலேயே 1970களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேயராயிருந்த நெல்வயல் இன்று 2 இலட்சத்தையொட்டிச் சுருங்கிவிட்டது. பூக்களத்துக்குரிய பூவிற் பெரும்பங்கு தோவாளையிலிருந்தும் குண்டல்பேட்டையிலிருந்தும் லொறியில் வருகிறது. வயலும் தும்பையும் இல்லாமற் போனபின்னும் நிற்பது நினைவு ஒன்றே. திருவோணம் வேலைநாளில் வந்தால் சங்கங்கள் அடுத்த விடுமுறைநாளில் விழாவெடுக்கின்றன. மண்டபம் கிடைப்பதைப் பொறுத்து இரண்டு மூன்று மாதம்வரை அது நீளும். இதைக் கேலிசெய்வோர் உண்டு. நான் செய்யமாட்டேன். பன்னிரண்டு மணிநேரம் உழைத்து, எட்டுப்பேர் படுக்கும் அறைக்குத் திரும்பும் ஒருவனுக்கு, தன் மொழியில் ஒரு பகற்பொழுது என்பது சிறிய பொருளன்று. இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும் அங்கு ஒரே வரிசையில் இலைபோட்டு உண்கிறார்கள். இன்றைய இந்தியாவில் அது எவ்வளவு அரிதாகிவருகிறது என்பதை எண்ணினால் அந்த மண்டபத்துக்குத் தலைவணங்கத்தான் வேண்டும்.

என் ஐயம் வேறு. அயல்நாட்டில் ஓணம் எதை நினைக்கிறது? மாவேலியின் ஆட்சியையா, மாவேலியின் நாட்டையா? இவை ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. ஊரை விட்டுப் பிரிந்தவனுக்கு ஊரின் நினைவே முந்தும். வாசற் பூக்களமும் தாயின் கைமணமும் ஆற்றில் ஓடும் வள்ளமும் கண்முன் நிற்கும். நாளடைவில் மாவேலியும் அந்தக் காட்சியில் ஒரு பொருளாகிவிடுகிறான். ஓலைக்குடையோடு படம் எடுத்துக்கொள்வதற்குரிய அழகான பொம்மையாகிவிடுகிறான். ஊரின் நினைவுக்கு ஓர் எல்லை உண்டு. இவர் நம்மவர், இவர் பிறர் என்ற கோடு அதில் இயல்பாகவே விழும். மாவேலியின் நினைவுக்கு அக்கோடு இருக்க முடியாது. மனிதர் யாவரும் ஒரு நிகர் என்ற சொல்லில் 'யாவரும்' என்பதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது என்ன?

ஓணம் வரும் காலம் வளைகுடாவில் கொடிய வெயிற்காலம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணிவரை வெட்டவெளியில் வேலைவாங்கக் கூடாதென்று சட்டமே செய்திருக்கிறார்கள். ஏறக்குறைய அதே நேரந்தான் குளிர்ந்த மண்டபத்தில் இலை விரிக்கப்படும் நேரமும். நகரின் ஓரத்திலுள்ள தொழிலாளர் குடியிருப்புக்கு மக்கள் இட்ட பெயர் சோனாப்பூர். பொன்னூர் என்று பொருள். அங்கிருந்து மண்டபத்துக்கு வருவதற்கு நுழைவுச்சீட்டு வாங்கவேண்டும், வண்டிக்கூலி கொடுக்கவேண்டும், விடுமுறை கிடைக்கவேண்டும். சில சங்கங்கள் குடியிருப்புகளுக்கே சோறு கொண்டுபோய்ப் பரிமாறுகின்றன என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் கொண்டுபோய்க் கொடுப்பது வேறு, பக்கத்தில் அமர்ந்து உண்பது வேறு. சகோதரன் ஐயப்பன் செறாயியில் புலையர் வீடுகளுக்குச் சோறு அனுப்பியிருந்தால் அவரை யாரும் இகழ்ந்திருக்கமாட்டார்கள்.

இந்தக் கோட்டின் வேலையை அறிய நாம் வளைகுடாவரை போகவேண்டியதில்லை. மலையாளிகள் கடல்கடந்து உழைக்கப்போன நாடுகளில் எங்கள் நாடும் ஒன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கொழும்பின் துறைமுகத்திலும் புகையிரதப் பகுதியிலும் கள்ளுத் தவறணைகளிலும் அவர்கள் உழைத்தார்கள். நாராயண குரு 1918 இலும் 1926 இலும் இங்கு வந்து அவர்களைக் கண்டார். 1923 இன் பொது வேலைநிறுத்தத்தையும் 1929 இன் ட்ராம் வண்டித் தொழிலாளர் போராட்டத்தையும் தலைமைதாங்கி நடத்திய ஏ. ஈ. குணசிங்கா, 1930களின் மந்தத்தில் வேலை அருகியபோது அதே மலையாளித் தொழிலாளரை வெளியேற்றும்படி பிரசாரம் செய்தார். 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு உழைத்த இந்தியரை நீக்க அரசு முற்பட்டது; நேரு கொழும்புக்கு வந்து பேசியும் அது நின்றபாடில்லை. தொழிலாளர் யாவரும் ஒன்று என்று முழங்கிய இயக்கத்திலும் 'யாவரும்' என்ற சொல் இவ்வளவு விரைவிற் சுருங்கிற்று. சுருங்கியபோது எங்கள் தமிழ்த் தலைவர்களும் பெரிதாகக் கலங்கவில்லை. இதை எழுதும்போது மலையாளிக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு உண்டு என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

கேரளத்திலும் இன்று இதே கேள்வி மறுபுறமிருந்து வருகிறது. 2013 இல் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, வங்காளம், அசாம், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து அங்கு வந்து உழைப்போர் 25 இலட்சத்துக்கு மேல் என்று கணித்தது. வெளியே போன மலையாளிகளிலும் உள்ளே வந்த பிறர் அதிகம். அரசு அவர்களை 'அதிதி' தொழிலாளர், விருந்தினர், என்று அழைக்கிறது. அழகான சொல். ஓணத்தன்று எத்தனை வீடுகளில் அந்த விருந்தினருக்கு இலை விழுகிறது என்பதே அச்சொல்லுக்கு உரைகல்.

'ஒருநாள் உண்டு மகிழ வந்தவனிடம் இவ்வளவு கணக்கா கேட்பது?' என்று ஒரு நண்பர் என்னிடம் சலித்துக்கொண்டார். வேறு விழாவாயிருந்தால் நானும் கேட்டிருக்கமாட்டேன். ஆனால் மாவேலியை மேடைக்கு அழைத்தவர் அவர்களே. கள்ள அளவை இல்லாத நாட்டின் மன்னனை நடுவில் நிறுத்திவிட்டு, பத்திரத்தில் ஓரளவும் கையில் ஓரளவுமாகச் சம்பளம் கொடுக்கும் முதலாளியை முன்வரிசையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்துவதில் ஏதோ ஒன்று உறுத்தவேண்டும். உறுத்தியதும் உண்டு. 2018 வெள்ளத்தின்போது கேரள அரசு தன் ஓணக் கொண்டாட்டங்களைக் கைவிட்டது. கடல்கடந்த சங்கங்கள் பலவும் விருந்தை நிறுத்திப் பணத்தை ஊருக்கு அனுப்பின. அது ஊர்நினைவின் நல்ல பக்கம். 2024 ஜூன் 12 இல் குவைத்தின் மங்கஃபில் தொழிலாளர் விடுதியொன்று தீப்பற்றி ஐம்பதளவினர் மாண்டனர். பெரும்பாலோர் இந்தியர், அவருட் பாதியளவினர் மலையாளிகள். சவப்பெட்டிகள் கொச்சியில் வந்திறங்கியபோது ஒரு நாடே அழுதது. அந்த விடுதியில் எத்தனை பேரை அடைத்திருந்தார்கள், படிக்கட்டு எப்படி இருந்தது, மேல்தளக் கதவு ஏன் பூட்டியிருந்தது என்ற கேள்விகள் அந்த ஆண்டின் ஓணமேடைகளில் எத்தனையில் ஒலித்தன? அவை மாவேலிக்குரிய கேள்விகள். அளவைப் பற்றிய கேள்விகள்.

என் மாணவன் சொன்னதில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மாலை நான்கு மணிக்கு மேல் விருந்து முடிந்து, அவனும் நேபாளத்து இளைஞர் இருவரும் வங்கதேசத்தவர் ஒருவரும் அடுக்களையில் நின்றபடி தட்டில் சோறு போட்டு உண்ணத் தொடங்கியிருந்தார்களாம். அப்போது மாவேலி உள்ளே வந்தாராம். மணிமுடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தாராம்; வியர்வையில் மீசை ஒருபக்கம் கழன்று தொங்கியதாம். அவர் ஒரு நிறுவனத்தின் லொறிச் சாரதி. வயிறு பொருத்தமாயிருந்தமையால் சங்கத்தார் அவரைத் தெரிந்தெடுத்திருந்தனர். வேடம் கலையாமலிருக்க வேண்டுமென்று அவருக்கு அதுவரை சோறு கொடுக்கவில்லை. மிஞ்சியிருந்த இலைகளில் ஐந்தை எடுத்து நிலத்தில் வரிசையாக விரித்து, நுனியை இடப்பக்கம் திருப்பி வைத்து, இவர்களை இருக்கச் சொன்னாராம். காளன் முடிந்துவிட்டது. அவியல் கொஞ்சம் இருந்தது. பிரதமனை அவர் தாமே ஊற்றினாராம்.

"ஊருக்கு எப்ப போறீங்கள் எண்டு கேட்டன், சேர்," என்றான் மாணவன். மூன்று ஓணம் ஆகிவிட்டது, இன்னும் விடுமுறை கிடைக்கவில்லை என்றாராம் மாவேலி.